சிலிக்கான் சில்லு சில்லென்று ஆன கதை

எங்கள் குடும்பத்தில் யாராவது குளிர்ந்த தண்ணீர் கேட்டால், தண்ணீர் வருவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாணப் பந்தியிலும் இது நடக்கும். புதிதாக வந்த சம்பந்தி வீட்டாருக்கு ஒன்றும் புரியாது. அவர்களும் என்னைப் பார்ப்பார்கள் (நான் ஐஸ் கம்பெனி நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு, வரவேற்புக்கு எவ்வளவு ஐஸ் பிடிக்கும் என்று விசாரித்தவர்களும் உண்டு). நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். ஐஸுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சம்பந்தமெல்லாம் ஒரு சொல்லோடுதான்.

அந்தச் சொல்லுக்கு வருவதற்கு முன், அந்த வயதில் நான் எப்பேர்ப்பட்ட பிறவி என்பதைச் சொல்லிவிட வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம். வீடு பட்டாபிராமில். காலையில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, நகரத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் 'இன்னா', 'கீது' என்றுதான் பேசுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன், அறிவியல் தமிழ்க் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கும் வரை. பரிசாக ஒரு கலைச்சொல் அகராதியைக் கொடுத்துவிட்டார்கள். (கொடுத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.) அன்றிலிருந்து வீட்டில் என் தொல்லை தாங்க முடியவில்லை. குக்கர் விசில் அடித்தால் "அம்மா, அழுத்தக் கொதிகலன் ஒலி எழுப்புகிறது" என்பேன். அம்மா அடுப்படியிலிருந்து, "இவளுக்கு யாருனா மந்திரிச்சி உடுங்களேன்" என்பாள்.

என் ஆராய்ச்சி சிலிக்கான் பற்றியது. விரல் நகம் அளவுள்ள குவார்ட்ஸ் கண்ணாடித் துண்டின் மேல் சிலிக்கானை மெல்லிய படலமாகப் படிய வைப்போம். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. புதிதாகப் படிந்த படலத்தில் அணுக்கள், பண்டிகைக்கு முந்தைய நாள் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஜனம் நிற்பதுபோல் கண்டபடி நின்றுகொண்டிருக்கும். அவற்றைச் சூடுபடுத்தினால் மெல்ல அசைந்து, இடம் பார்த்து, வரிசையில் நின்றுகொள்ளும். அதுதான் படிகம். எல்லாம் ஒரே வரிசையாக நிற்காமல் குட்டிக் குட்டி வரிசைகளாக நின்றால் கண்ணுக்குத் தெரியாத சின்னப் படிகங்கள் கிடைக்கும். அந்தச் சின்னப் படிகத்தின் மேல் புற ஊதா விளக்கைக் காட்டினால் சிலிக்கான் தானாகவே ஒளிரும் என்று அப்போது உலகம் முழுக்க ஒரே பேச்சு. ஒளிர்வது சிலிக்கானின் குணமே இல்லை. மற்றவர்கள் பளபளக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும் ஆசாமி அது. அதைப் பேச வைக்க முடியும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பேச வைக்க ஒரே வழி சூடுதான். அந்தச் சூட்டிலும் பல தினுசு. உலையில் வைத்து மணிக்கணக்கில் பக்குவமாகக் காய்ச்சலாம். பெரிய விளக்குகளைக் கொண்டு ஒரு நொடியில் தகிக்க வைக்கலாம். லேசரை ஓட்டி மேல்தோலை மட்டும் உருக்கலாம். அடியில் கொஞ்சம் அலுமினியம் தடவிவிட்டால் குறைந்த சூட்டிலேயே காரியம் நடந்துவிடும் என்பார்கள். ஒவ்வொரு முறையிலும் வேறு வேறு அளவில் படிகம் வரும். ஏன் அப்படி வருகிறது என்று யோசித்துக்கொண்டே ஒருநாள் ஆவடியில் இறங்கி, அதுதான் பட்டாபிராம் என்று நினைத்து ஸ்டேஷனுக்கு வெளியே வந்துவிட்டேன். லேசரையும் பெரிய விளக்குகளையும் நாங்கள் படத்தில்தான் பார்த்திருந்தோம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு உலை. அதுவும் கம்பி எரிந்துபோய்ப் படுத்துவிட்டது.

படுத்த நேரம்தான் மோசம். அடுத்த திங்கட்கிழமை வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் எங்கள் வேலையைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் சரியென்றால் எனக்கு உதவித்தொகை நீடிக்கும். இல்லையென்றால் ஆராய்ச்சி அன்றோடு சரி. அப்பா அதற்குத் தயாராகவே இருந்தார். "வந்துக்கினே கீது வரன்" என்று ஜாதகத்தை சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினார். படிகமாகாத படலம் மட்டும்தான் என் கையில் இருந்தது. மண் மாதிரி சிவந்த பழுப்பு நிறம். அதைக் காட்டினால் ஜாதகம் வெளியே வந்துவிடும்.

அப்போதுதான் எனக்கு தனசேகர் மாமா நினைவுக்கு வந்தார். என் அக்கா கலாவின் வீட்டுக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர்களை உலையில் காய்ச்சிக் கெட்டிப்படுத்தும் ஒரு பட்டறையில் ஃபோர்மன். உலகத்தில் உள்ள எல்லா உலைகளும் தன் சொந்தம் என்பது போலப் பேசுவார்.

"ஃபர்னஸ்தான வோணும்? அதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற? நம்ம கைல எத்தினி ஃபர்னஸ் கீது தெரியுமா?" என்றார்.

"மாமா, இது கியர் இல்ல. ரொம்ப நுட்பமான பொருள்."

"இன்னாவா வேணா இருக்கட்டும். நம்ம ஃபர்னஸ்ல வந்தா வெந்துதான் ஆவணும்."

முதலாளியிடம் சொல்லி, சனிக்கிழமை வேலை முடிந்த பிறகு ஒரு சின்ன உலையை எனக்காக ஒதுக்கிவிட்டார். பழைய பவுடர் டப்பாவில் பஞ்சு வைத்து, அதில் என் குவார்ட்ஸ் துண்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே விட மாட்டார்கள் என்பதால் பட்டறை வாசலிலேயே நின்றேன். உள்ளே ஊதுகாற்று மெஷின் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது.

இங்கேதான் அகராதி தன் வேலையைக் காட்டியது. 'சிப்' என்பதற்கு அந்த அகராதியில் 'சில்லு' என்று போட்டிருந்தது. அந்தச் சொல் மேல் எனக்கு அப்படியொரு காதல். என்னிடம் இருந்தது சிப்பே இல்லை, வெறும் படலம் பூசிய துண்டு. இருந்தாலும் பார்க்கிறவர்களிடமெல்லாம் "என் சிலிக்கான் சில்லு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாமாவிடமும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தேன்.

"மாமா, கவனமாகக் கேளுங்கள். எழுநூறு டிகிரி வரை ஏற்ற வேண்டும். விடியும் வரை அதே வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். பிறகு படிப்படியாகக் குளிர்வித்துச் சில்லை எடுக்க வேண்டும்."

"இன்னாது?" மாமா காதருகே கையைக் குவித்தார்.

"படிப்படியாகக் குளிர்விக்க வேண்டும்!"

"குளிர வெக்கணும். செரி. அப்பால?"

"சில்லு மாமா! சில்லு! ஜாக்கிரதை!"

"சில்லுன்னு ஆவணும். அவ்ளோதான? நீ ஊட்டுக்குப் போ."

"சில்லுன்னு இல்ல மாமா, சில்லு!"

"அதத்தாம்மா நானும் சொல்றேன்!"

நான் திருப்தியாகத் தலையாட்டினேன். 'உலைய அணைச்சிட்டு, கதவத் தொறக்காம உள்ளயே வுட்டுடு மாமா, அதுவா ஆறட்டும்' என்று எங்கள் வீட்டுத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த மெஷின் சத்தத்திலும் அவருக்குப் புரிந்திருக்கும். நான்தான் பரிசு வாங்கியவளாயிற்றே.

மறுநாள் அம்பத்தூரில் அக்கா வீட்டுக்கு டப்பாவை வாங்கப் போனேன். அந்த வீட்டுக்குள் நுழைந்தாலே பட்டறை எண்ணெய் வாசனை வரும். மாமாவின் சட்டை, தலையணை, அக்கா போடும் காப்பி எல்லாவற்றிலும் அது உண்டு. அதனால் டப்பாவைத் திறந்தபோது அதே வாசனை வந்ததை நான் பொருட்படுத்தவில்லை. மாமா என் துண்டுகளைத் துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மண் நிறம் போய், படலம் வெளிர் மஞ்சளாக மாறியிருந்தது!

படிகமானால் நிறம் வெளுத்து மஞ்சளாகும் என்று படித்திருந்தேன். படித்தது கண்ணெதிரே நடந்திருக்கிறது. நான் வீட்டுக்குள்ளேயே குதித்தேன். அக்கா பயந்துபோய், "இன்னாடி ஆச்சி, கரண்டு அட்சிச்சா?" என்றாள். மாமா மட்டும் காலை நீட்டிக்கொண்டு, "நம்ம கை பட்டா சும்மாவா?" என்றார். அவரைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

திங்கட்கிழமை விடிந்ததும் எங்கள் வழிகாட்டி மேடத்திடம் ஓடினேன். மேடம் அளந்து பேசுகிறவர். எதையும் நான்கு தடவை பார்க்காமல் நம்ப மாட்டார். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் போட்டு என் துண்டை அதன் அடியில் வைத்தார். துண்டு பளீரென்று ஒளிர்ந்தது. சிவப்பாக வரும் என்று எதிர்பார்த்தோம். இதுவோ நிலாவெளிச்சம் மாதிரி நீலவெள்ளை.

"நீலமா?" என்றார் மேடம். "படிகம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நீலமா ஒளி வரணும். வசந்தி, இது யாருக்கும் வராத அளவு சின்னப் படிகம்மா!"

அந்த நிமிஷம் நான் மனசுக்குள் வெளிநாட்டு விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். பேசுவதற்குத் தயாரித்து வைத்திருந்த அடக்கமான உரையை மேடம் தூக்கிப் போடச் சொன்னார். வேறு எதுவும் வேண்டாம், நிபுணர் வந்ததும் நேராக இதைக் காட்டிவிடு என்றார். துறையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுவிட்டார். வேதியியல்காரர்கள்கூட வந்தார்கள். (அவர்கள் எங்களோடு பேசி வெகுநாள் ஆகியிருந்தது.)

நிபுணர் வந்தார். வழுக்கை, வெள்ளைச் சட்டை, சிரிப்பு என்ற பேச்சே கிடையாது. ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டிய அறையில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றோம். இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். அவசரத்தில் இடுக்கி நழுவிவிட்டது. விரலாலேயே துண்டை எடுத்து வைத்தேன். கன்னத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டேன். மேடம் விளக்கைப் போட்டார். துண்டு ஒளிர்ந்ததும் கூட்டத்தில் "ஆகா" என்று ஒரு சத்தம் கிளம்பியது. நிபுணரின் சட்டையும் சலவைத்தூளின் புண்ணியத்தில் நீலமாக ஒளிர்ந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. சட்டைக்காரர் கவனித்தார்.

அவர் குனிந்து துண்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மறுபடி துண்டைப் பார்த்தார்.

"உங்க கன்னமும் படிகமாயிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

விரல் தடம் என் கன்னத்தில் துண்டைப் போலவே ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. விரல் நுனிகளும் எரிந்தன. கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன், கன்னத்தை எங்கே ஒளிப்பது?

நிபுணர் துண்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "சர்வீஸ் முடிஞ்சி வந்தா என் ஸ்கூட்டர்ல இந்த வாசனைதான் வரும்" என்றார். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துண்டை அழுத்தித் துடைத்தார். மறுபடி விளக்கடியில் வைத்தார். துண்டு இருட்டாகக் கிடந்தது. பஞ்சு அழகாக ஒளிர்ந்தது.

வேதியியல்காரர் ஒருவர் இருமினார் (அது இருமல் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்).

"இதை யார் காய்ச்சினது?"

"எங்க மாமா, சார்."

"மாமா எந்த இன்ஸ்டிடியூட்?"

"அம்பத்தூர் எஸ்டேட், சார்."

"அங்கே எதுல ஆற வெச்சாங்க?"

அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பட்டறை, கியர், எண்ணெய்த் தொட்டி, 'சில்லுன்னு ஆவணும்'. காய்ச்சிய கியரை எண்ணெயில் முக்காமல் மாமா ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை. புற ஊதாவில் ஒளிர்ந்தது அந்த எண்ணெய்தான். "எண்ணெயில முக்கிட்டாங்க போல, சார்" என்றேன். மேடம் கண்ணை மூடிக்கொண்டார். ஜாதகத்தோடு அப்பா எங்கள் தெருமுனையைத் தாண்டிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன் என்பது உண்மை. ஆனால் சாகும்போதே மண்டைக்குள் ஒன்று குடைந்தது. எழுநூறு டிகிரியில் தகதகவென்று இருந்ததை எண்ணெயில் போட்டால் நம் வீட்டுக் கண்ணாடி டம்ளர் தூள்தூளாகியிருக்கும். இந்தத் துண்டில் ஒரு கீறல்கூட இல்லையே? அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அகராதித் தமிழ் முழுக்க எங்கேயோ ஓடிப்போக, வாய் தன்னால் திறந்தது.

"சார், ஆனா இது எப்டி சார் ஒடையாம கீது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நிபுணர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி என்னை முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கேள்வி நல்லாத்தான் கீது" என்றார். "வாங்க, பார்க்கலாம்."

விளக்கை அணைத்துவிட்டு நேராக நுண்ணோக்கிக்குப் போனார். அவர் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். குவார்ட்ஸ் முழுசாக இருந்தது. சூட்டில் அது விரிவதும் குளிரில் சுருங்குவதும் சொற்பம், அதனால் பதறவில்லை. மேலே ஒட்டியிருந்த சிலிக்கான் அதைவிட அதிகமாகச் சுருங்கப் பார்த்திருக்கிறது. அடியில் இருப்பது நகர்ந்து கொடுக்கவில்லை. வலுவில் இழுபட்டு, கோடைக்காலத்து ஏரி போலப் படலம் முழுக்க வெடித்துக் கிடந்தது. சில்லு என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது கடைசியில் சில்லு சில்லாகத்தான் போயிருந்தது.

"வெடிச்சது வெடிச்சதுதான். மஞ்சளானது பொய்யில்லையே" என்று சொல்லி, துண்டை எக்ஸ்ரேயில் வைத்துப் பார்க்கச் சொன்னார் நிபுணர். மதியம் வரைபடம் வந்தது. சின்னச் சின்னதாக, ஆனால் சந்தேகமில்லாமல் படிகத்தைக் காட்டும் முகடுகள் அதில் நின்றன. மாமாவின் உலை அணுக்களை வரிசையில் நிறுத்தத்தான் செய்திருக்கிறது. பிறகு அவரே எண்ணெயில் தள்ளிப் படலத்தை வெடிக்க வைத்துவிட்டார். நிபுணர் அறிக்கையில் என்ன எழுதினார் என்று மேடம் பிறகு சொன்னார்: மாதிரியைத் துடைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, தொடரட்டும். உதவித்தொகை நீடித்தது. ஜாதகம் அப்பாவின் சட்டைப்பையிலேயே இன்னும் சில சலவைகளைக் கண்டது.

அன்று மாலை நேராக அக்கா வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "எண்ணெயில ஏன் மாமா முக்கின?"

"நீதானம்மா சொன்ன, சில்லுன்னு ஆவணும்னு? எங்க பட்டறைல குளிர வெக்கறதுன்னா எண்ணெதான். அதுலயும் உனக்குன்னு புது எண்ணெ ஊத்தினேன்."

"அது சில்லு மாமா! சில்லுன்னா துண்டு!"

"துண்டுன்னா துண்டுன்னு சொல்லேன்! யாராவது நைட் பூரா துண்டக் காய வெப்பாங்களா, உடனே எடுத்துத் தந்திருப்பனே!"

அக்கா சிரிக்க ஆரம்பித்தவள், காப்பிப் பாத்திரம் பொங்கி வழியும் வரை நிறுத்தவில்லை. அகராதியை நான் பரணில் ஏற்றினேன்.

கல்லூரி உலைக்குப் புதுக் கம்பி வந்தது. அதற்கப்புறம் எத்தனையோ துண்டுகள் காய்ச்சினேன். அவசரமாகக் காய்ச்சியது, பொறுமையாகக் காய்ச்சியது, காற்றில்லாமல் காய்ச்சியது. எல்லாவற்றையும் உலைக்குள்ளேயே தானாக ஆறவிட்டேன். கடைசியில் ஒருநாள், அசிட்டோனில் பலமுறை துடைத்த பிறகும், இருட்டில் ஒரு துண்டு சிவந்தது. ஊதுபத்தி முனை மாதிரி மங்கலான சிவப்பு. இருட்டுக்குக் கண் பழகினால்தான் தெரியும். சிலிக்கான் வாய் திறந்து பேசிவிட்டது. நான் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன் என்றால் நம்புங்கள்.

முதலில் யாருக்குக் காட்ட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தனசேகர் மாமாவை அரை நாள் லீவு போட வைத்து, அக்காவோடு ரயிலில் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். இருட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். கண் பழகட்டும் என்று காத்திருந்து விளக்கைப் போட்டேன். உலகத்தில் கொஞ்சம் பேரே பார்த்திருந்த வெளிச்சம் அது. மாமா வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, என் மனசு நோகக்கூடாதே என்று மெதுவாகச் சொன்னார்:

"நல்லாத்தாம்மா கீது. ஆனா நம்ம எண்ணெ அளவுக்கு வெளிச்சம் இல்ல."

இன்றைக்கும் பந்தியில் யாராவது "சில்லுனு ஒரு தண்ணி குடுங்கப்பா" என்று கேட்டால், எல்லோரும் முதலில் என்னைப் பார்ப்பார்கள். அப்புறம் மாமா பக்கம் திரும்புவார்கள். மாமா இலையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார்: "தண்ணி போதுமா? எண்ணெல முக்கிக் குடுக்கட்டா?"